பூ வைத்த லேப்டாப்

சிவகாசிப் புதுத்தெருவில் ஒரு லேப்டாப்புக்குப் பூ வைத்துவிட்டு இன்னொரு லேப்டாப்பை வாங்கி வந்த குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தின் வாசலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், கோலப்பொடியின் ஈரம் காய்வதற்கு முன்னால், பூ வைத்த லேப்டாப் தானாகவே மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துத் தெருவில் யாரும் மலைத்துப் போகவில்லை, பூ வைத்தால் வரத்தானே செய்யும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எப்படி வந்தது என்று கேட்டவர்களைவிட, வந்ததை எங்கே உட்கார வைத்தார்கள், மாமியார் என்ன சொன்னார், மருமகள் முகம் எப்படிப் போயிற்று என்று கேட்டவர்கள்தான் அதிகம். எங்கள் தெரு அப்படிப்பட்ட தெரு, அதைப் பற்றி எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

மருமகள் பெயர் சுகந்தி. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவள். புஸ்வாணப் பெட்டியின் மேல் தோகை விரித்த மயில், அணுகுண்டு வெடிப் பெட்டியின் மேல் வாயைப் பிளந்த புலி, சாட்டை வெடிப் பெட்டியின் மேல் சிரிக்கிற குழந்தை என்று தீபாவளிக்குத் தீபாவளி நீங்கள் பிரித்துக் குப்பையில் போடுகிற அட்டைகளில் பாதி அவள் கையால் வந்தவை. கணவன் காளிராஜன் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்து, கையில் ஒட்டிய மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, குளித்து, டீ குடித்து முடித்தானென்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டுவான், காட்டுக்குள் ஒளிந்து சுடுவான், அச்சகத்து நண்பர்களோடு ஹெட்போனில் கத்துவான். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். வெயில் காலத்தில் அது புலி வரையும்போது பாதிப் புலியோடும், கார் ஓட்டும்போது பாதி ரோட்டோடும் அணைந்து போகும். அதனால்தான் அவளுடைய வேலைக்கும் அவனுடைய விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு லேப்டாப் வாங்குவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஒரு லேப்டாப் என்று முடிவு செய்வது சுலபம், எந்த லேப்டாப் என்று முடிவு செய்வதுதான் குடும்பத்தை இரண்டாக்குகிற காரியம். பெரிய விலைக்குப் போனால் எல்லாம் இருக்கும். சின்ன விலைக்குப் போனால் எதுவும் இருக்காது. இவர்களைப் போல நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது. கிராபிக்ஸ் கார்டு நல்லதாக இருந்தால் ஸ்க்ரீன் வெளிறிக் கிடக்கும், ஸ்க்ரீன் நன்றாக இருந்தால் கார்டு நோஞ்சானாக இருக்கும், இரண்டும் சுமாராக இருந்தால் ஃபேன் மாவு மில் மாதிரி இரையும், ஃபேன் அமைதியாக இருந்தால் மடியில் வைக்க முடியாமல் சுடும். பதினாறு ஜிபி ரேம் வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது, அந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும். யூடியூபில் புதுப் பெட்டியைக் கத்தியால் கிழித்துத் திறந்து காட்டுகிற பையன்களை எல்லாம் பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில், உங்க தேவையைப் பொறுத்துத்தான் மக்களே என்று கைகழுவிவிட்டுப் போனார்கள். எங்கள் தேவை என்னவென்று எங்களுக்கே தெரிந்தால் உன்னை ஏன் பார்க்கிறோம் என்று சுகந்தி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

கடைசியில் மதுரைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். காளிராஜனின் அம்மா செல்லக்கனி, எனக்கும் மீனாட்சியைப் பார்த்து நாளாச்சு என்று கூடவே வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு, பிரசாதக் குங்குமத்தையும் ஒரு முழம் மல்லிகையையும் பையில் போட்டுக்கொண்டு, மூவருமாகக் கடைக்குப் போனார்கள்.

கடையில் கழித்துக் கழித்து இரண்டு நின்றன. ஒன்று கருப்பு. கனமான உடம்பு, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு, உள்ளே அந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காத கிராபிக்ஸ் கார்டு. இன்னொன்று சாம்பல் நிறம். மெலிசு, கை வலிக்காத கனம், நல்ல ஸ்க்ரீன், கார்டு பரவாயில்லை. காளிராஜன் கருப்பின் முன்னால் உட்கார்ந்து காரை எடுத்தான். திக்காமல் திணறாமல் கார் பறந்தது, மழையில் நனைந்த ரோட்டில் கடைகளின் விளக்கெல்லாம் மிதந்தது, அவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் முகத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தான். மகனின் அந்த முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்த செல்லக்கனி, இதுதான் முடிவாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். பையிலிருந்து மல்லிகையை எடுத்து ஒரு துண்டு கிள்ளி, அந்தக் கருப்பு மூடியின் மேல் வைத்து, குங்குமத்தையும் தொட்டு வைத்தார். கடைக்காரப் பையனும் பக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகுதான் சுகந்தி தன் பென் டிரைவைச் செருகினாள். அவளுடைய புலி அந்த ஸ்க்ரீனில் எழுந்தது. புலியின் வாய்க்குள் அவள் போட்டிருந்த சிவப்பு, பல தடவை துவைத்த கைலி மாதிரி வெளுத்திருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். இதில் பார்த்துச் சிவப்பைக் கூட்டினால் அச்சில் இரத்தக்களறியாக வரும், கம்பெனிக்காரர் பெட்டியை முகத்தில் விட்டெறிவார். அதே புலியைச் சாம்பலில் திறந்தாள், சிவப்பு சிவப்பாக இருந்தது.

"கருப்பு வேண்டாம். நிறம் பத்தலை," என்றாள்.

செல்லக்கனி மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தான், கடைக்காரப் பையன் சாம்பலைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டினான். கருப்பின் மேல் வைத்த பூ வைத்தபடியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், பிடித்துவிட்டது என்றால் அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டு வருவார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அந்தப் பெண் அந்த வீட்டுப் பெண். பூ வைத்துவிட்டு வேறு வீட்டுப் படி ஏறுவது பெரிய அசிங்கம். நடக்கவே நடக்காது என்றில்லை, நடந்தால் யாரும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இது தெரிந்தவர்களுக்குக் கருப்பு லேப்டாப் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

வந்தது பஸ்ஸில். மதுரை பஸ் கண்டக்டர் டீக்கடையில் சொன்னதை நானே கேட்டேன். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்ததாம், பொம்பளை ஆள் பக்கத்தில் பையன் யாரும் உட்காரக் கூடாது என்று இவரே பார்த்துக்கொண்டாராம், லக்கேஜா டிக்கெட்டா என்று குழப்பமாக இருந்ததால் எதுவும் போடவில்லையாம். பஸ் நிலையத்திலிருந்து மூடியை லேசாகத் திறந்து மூடி, திறந்து மூடி, ஓரமாகவே நகர்ந்து வந்து, கோலத்தை மிதிக்காமல் வாசலில் ஒதுங்கி நின்றது. முதலில் பார்த்தது எதிர்வீட்டு ஜோதிமணி.

"மதினி, உங்க வீட்டுக்கு ஆள் வந்திருக்கு," என்று அவள் குரல் கொடுத்தாள். "பூவோட வந்திருக்கு. உள்ள கூப்பிடுங்க."

காளிராஜன் அதைப் பையில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தான். மறுநாளே அது திரும்பி வந்தது. கடைக்காரப் பையன் ஃபோனில் அலுத்துக்கொண்டான். "சார், பூ வெச்சதுக்கு அப்புறம் அதை நாங்க யாருக்குக் காட்டுறது? யார் தொட்டாலும் ஆன் ஆக மாட்டேங்குது. ஓனரும் அங்கேயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. நீங்க ஒரு முடிவுக்கு வந்தா தகவல் சொல்லுங்க."

முடிவு சொல்லத்தான் தெருவே இருந்ததே. டீக்கடையில் ஒரு கட்சி, பூ வைத்த பாவத்துக்கு அதையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றது. இன்னொரு கட்சி, நாலு பேரைக் கூட்டி முறையாகத் தீர்த்துவிட வேண்டும், வெற்றிலை பாக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்றது. பெண்கள் மத்தியானம் பாத்திரத்தைக் கவிழ்த்ததும் பார்க்க வந்தார்கள். சும்மா கையோடு வரக் கூடாதென்று ஒருத்தி மஞ்சள் கொண்டுவந்தாள், ஒருத்தி ஸ்க்ரீன் துடைக்கிற துணி கொண்டுவந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் கருப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறது என்று சொன்னார்கள், சுகந்தியின் காதில் விழும்படியே சொன்னார்கள். புதுத்தெருக்காரர்கள் மிக்ஸி வாங்கப் போனாலும், பீரோ பார்க்கப் போனாலும், பையில் பூ இருக்கிறதா என்று ஒரு தடவை துழாவிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழையும் பழக்கம் அப்போது வந்ததுதான், இப்போதும் இருக்கிறது.

அந்தப் பூவை எடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். எல்லாருக்கும் தோன்றியது, ஒருவருக்கும் கை வரவில்லை. வைத்த கையால் எடுக்கக் கூடாது என்றார் செல்லக்கனி. காளிராஜனுக்கு மனசு வரவில்லை. சுகந்தி எடுத்திருப்பாள், எடுத்தால் பொறாமையில் எடுத்தாள் என்பார்கள், அப்படிச் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், அதனால் அவளும் எடுக்கவில்லை. பூ காய்ந்து, பழுத்து, அப்பளம் போலாகியும் மூடியின் மேலேயே இருந்தது.

கருப்பு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அதுதான் சுகந்தியால் தாங்க முடியாததாக இருந்தது. சண்டை போடுகிறதாக இருந்தால் அவளும் போட்டிருப்பாள். அது பகல் முழுக்க மூலையில் மூடிக் கிடக்கும். சாயங்காலம் காளிராஜனின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் மெல்ல நகர்ந்து கட்டிலுக்குப் போய், அவன் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் திறந்து, அவன் விட்ட இடத்தில் காரை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும். ஒரு நாள் நாகரிகத்துக்காக அவன் தயங்கினான். மறுநாள் தயங்கவில்லை. பிறகு அதன் அடியில் காற்றுப் போகட்டும் என்று ஒரு பலகை செய்து போட்டான், ஓட்டைகளில் தூசி அண்டாமல் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினான். பிறகு ஒரு நாள், சித்திரை வெயிலில், சுகந்தி வேலை செய்கிற அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கம் திருப்பி வைத்தான்.

"ரொம்ப சூடாகுது பாவம்," என்றான்.

சுகந்தி பக்கத்து அறையில் வியர்வை கண்ணில் இறங்க இறங்கச் சாம்பலின் முன்னால் மயில் வரைந்துகொண்டிருந்தாள். பாவம் என்ற அந்த வார்த்தையை அவளைப் பற்றி அவன் எப்போதாவது சொல்லியிருக்கிறானா என்று யோசித்தாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட மாத்திரை போட்டியா என்றுதான் கேட்டான். ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது; வெட்கத்தால் பொறாமை ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது, தொண்டையைத் திறந்துவிட்டுச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்குப் புதிது.

அவளும் விடவில்லை. சாம்பலுக்குப் புது உறை வாங்கினாள், அதே காரை அதில் ஏற்றினாள், செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கினால் திக்காமல் ஓடும் என்று கண்டுபிடித்து, தலை சீவி, முகம் கழுவி, அவனைக் கூப்பிட்டாள்.

"இதுலயும் ஓடுதுங்க. நிறம் எவ்வளவு நல்லா இருக்குன்னு வந்து பாருங்க."

அவன் வந்தான். மரியாதைக்கு ஒரு சுற்று ஓட்டினான். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அந்த நல்லாத்தான் இருக்கு அவளுக்குப் பழக்கமானது. கல்யாணமான புதிதில், பொண்ணு எப்படிடா என்று நண்பர்கள் கேட்டபோது அவன் சொன்னதும் அதே வார்த்தைதான், அதே குரல்தான்.

அவள் பின்னாலேயே போய்க் கட்டிலருகே நின்றாள். "உங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னா கடையிலயே சொல்லியிருக்கலாம்ல. வாய்க்குள்ள கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீயும் அம்மாவும்தான் முடிவு பண்ணீங்க," என்றான் அவன், ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "எதுலதான் என்னைக் கேட்டிருக்கீங்க?"

அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்லக்கனிக்கு அது குத்தியது. குத்தினால் அவருக்கு வாய் நிற்காது. "நான் என்னலே பண்ணுவேன். என் கை அப்படி. மனசுக்குப் பிடிச்சா பொசுக்குனு பூவை வெச்சிருது. அன்னிக்குத் திருத்தங்கல்ல அந்த ரேணுகா புள்ளைக்கும் இப்படித்தான் வெச்சுட்டு வந்து, அப்புறம் எவ்வளவு சங்கடம்."

கீரை ஆய்கிற கை அதற்குப் பிறகுதான் நின்றது. சுகந்திக்குத் தன்னைப் பார்க்க வருவதற்கு முன்னால் அவர்கள் திருத்தங்கலில் ஒரு பெண்ணைப் பார்த்தது தெரியும். எந்த மாப்பிள்ளைதான் ஒரே வீட்டோடு நிறுத்துகிறான். பூ வைத்தது தெரியாது.

"பூ வெச்சீங்களா அத்தை?"

"வெச்சேன்."

"வெச்சுட்டு ஏன் எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"உங்க வீட்டுக்கு வாரோம்னு முன்னாடியே சொல்லிட்டோம், மரியாதைக்குத் தலையைக் காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம். வந்து உன்னைப் பார்த்ததும்…" செல்லக்கனி கீரைத் தண்டை உடைத்தார். "அந்தப் புள்ள நல்ல புள்ளைதான். படிப்பு, பேச்சு, கைவேலை எல்லாம் இருந்துச்சு. நிறம்தான் பத்தலை."

சுகந்தி கடையில் தான் சொன்ன அதே சொற்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தன்னிடம் அவர்களுக்கு என்ன பிடித்தது என்று இத்தனை வருஷமாக அவள் பெருமையாக எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். கோடு இழுக்கிற கை, சுருக்கான வேலை, ஒரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத குணம். ஸ்க்ரீனைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவளுடைய பொறாமை லேப்டாப்பை விட்டு இறங்கி ரேணுகாவின் மேல் ஏறியது. ஃபோனில் தேடிப் பிடித்தாள். ரேணுகா பட்டாசுக் கம்பெனிகளுக்கு வீடியோ செய்கிறவளாக இருந்தாள். தீக்குச்சி கிழிக்காமல், புகை இல்லாமல், கம்ப்யூட்டருக்குள்ளேயே வானத்தில் வாணங்களை விரிய வைக்கிறவள். அவளுடைய வீடியோக்களை எல்லாம் சுகந்தி பார்த்தாள், நன்றாக இல்லை என்று சொல்லிக்கொள்வதற்காக மறுபடி பார்த்தாள். அவளுடைய ஒரு படத்தை விரலால் விரித்து, மூக்கு இப்படி, பல் இப்படி, நிறம் அப்படியொன்றும் மோசமில்லையே என்று அளந்தாள். படத்தில் ரேணுகா சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுத்துக்கொள்ளாத ஒருத்திக்கு இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று சுகந்திக்கு ஆத்திரம் வந்தது.

பயமும் வந்தது. பிடித்ததை வாய் திறந்து சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருக்கிற மனிதன், லேப்டாப் விஷயத்தில் வைத்திருந்தவன், அந்த விஷயத்திலும் வைத்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம். தன் புருஷன் இத்தனை வருஷமும் இன்னொருத்தியை நினைத்துக்கொண்டு தன்னோடு நல்லாத்தான் இருக்கு என்று வாழ்ந்தானா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"உங்களுக்கு ரேணுகாவை ஞாபகம் இருக்கா?" என்று ஒரு சாயங்காலம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

ஸ்க்ரீனில் அவனுடைய கார் சுவரில் போய் மோதியது. அவன் எந்த ரேணுகா என்று கேட்டான். கேட்பதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் அடுக்களைக்குப் போய் உலையில் அரிசியே போட்டுவிட்டாள்.

கண்டக்டர் வாயிலிருந்து சங்கதி திருத்தங்கலுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவே கறிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் நேரத்தில், ஒரு ஸ்கூட்டர் அந்த வீட்டு முன்னால் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் செல்லக்கனிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஜோதிமணி கையிலிருந்த கறிப்பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாக நின்றுகொண்டாள்.

"வாத்தா," என்று செல்லக்கனி தடுமாறினார். "உக்காரு. காப்பி போடுறேன்."

"காப்பி வேண்டாம்மா. போன தடவை நான் போட்டுக் குடுத்தேன், நீங்க குடிச்சீங்க. அப்படியே இருக்கட்டும்." ரேணுகா சிரித்தபடிதான் சொன்னாள். "கேட்பாரில்லாம ஒரு லேப்டாப் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நான் ரொம்ப நாளா ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன். பார்க்கலாமா?"

கருப்பு மூலையில் கிடந்தது. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியின் மேல் இருந்த காய்ந்த பூவைப் பார்த்தாள். அவள் அதை இரண்டு விரலால் எடுத்து, ஊதி, ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"எப்பவோ வாடிப்போச்சு. இன்னுமா வெச்சிருக்கீங்க," என்றாள். பிறகு செல்லக்கனியைப் பார்த்து, "எனக்கு நீங்க வெச்ச பூவை நான் அன்னிக்குச் சாயங்காலமே எடுத்துட்டேன்மா. தலை அரிச்சுது," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்தாள், ஸ்க்ரீன் ஒளிர்ந்தது. கீல் எத்தனை தூரம் சாய்கிறது, எழுத்துகள் விரலுக்கு எப்படி அமிழ்கின்றன, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து மாட்டி, பாதி செய்திருந்த வாணவேடிக்கையை ஓடவிட்டாள். ஃபேன் இரைந்தது. அந்தச் சின்ன ஸ்க்ரீனுக்குள் பெரிய வானம் ஒன்று வெடித்து, விரிந்து, ஒரு பொறிகூடத் திக்காமல் கீழே வழிந்தது. காளிராஜன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்தி அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல நிறம் பத்தாது," என்று சுகந்தியால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஆமா, பத்தாது," என்று ரேணுகா ஒப்புக்கொண்டாள். "வெளிய ஒரு மானிட்டர் மாட்டிக்குவேன். நிறம் வேணும்னா எங்கிருந்தாவது வந்துரும். உள்ள தெம்பு இல்லாட்டித்தான் ஒண்ணும் பண்ண முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "உங்க புலி லேபிள் நான் பார்த்திருக்கேன். அந்தச் சிவப்புக்குச் சாம்பல்தான் சரி. நானா இருந்தாலும் உங்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றாள்.

சுகந்தி ஒரு சண்டைக்குத் தயாராக இருந்தாள். பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்குத் தானே ஃபோன் செய்து பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ரேணுகா எழுந்தாள். "வாரேம்மா," என்று செல்லக்கனியிடம் சொன்னாள். காளிராஜனிடமும் "வாரேன்" என்றாள், மளிகைக் கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு சொல்கிற அதே வாரேன்தான். லேப்டாப்பைத் தூக்கக்கூட இல்லை. அவள் வாசலுக்குப் போக, அது மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி அவள் பின்னாலேயே போய், ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஏறிக்கொண்டது. அவன் செய்து கொடுத்த பலகையை, பிரஷ்ஷை, டேபிள் ஃபேனை, ஒன்றையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. தெருக்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள். ஜோதிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுக்கு எந்தக் கல்யாணத்திலும் பெண்ணை அனுப்பும்போது அழுகை வந்துவிடும்.

ஸ்கூட்டர் திரும்பி மறைந்த பிறகும் காளிராஜன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெரு கலைந்து அவரவர் கறியைக் கழுவப் போனது. செல்லக்கனி உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சுகந்தி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு உங்களைக் கேட்டிருந்தா யாரைச் சொல்லியிருப்பீங்க?"

அவன் தெருமுனையையே பார்த்தான். பொய் சொல்ல நேரம் இருந்தது, சொல்லவில்லை. "மொத வீட்டோட போதும்னுதான் சொல்லியிருப்பேன்," என்றான். பிறகு, "என்னை யாரும் கேக்கல சுகந்தி," என்றான்.

எந்த வார்த்தைக்கு அவள் இத்தனை நாளும் பயந்தாளோ அது வந்துவிட்டது. வலித்தது. இவ்வளவு வலிக்கும் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள், அதற்கு மேல் இல்லை. அந்த வலியோடு நின்றுகொண்டிருக்கும்போதுதான், பாவாடை நுனியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, காப்பித் தட்டை ஏந்தி, இவர்கள் முன்னால் வந்து நின்ற அந்த நாளில் தன்னையும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்று அப்பா வந்து சொன்னார், அவள் சரி என்று தலையாட்டினாள், அதைச் சம்மதம் என்று இத்தனை வருஷமும் அவளே நம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னையும்தான் யாரும் கேக்கல," என்றாள். "கேட்டிருந்தா நானும் உங்களைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அவன் தெருமுனையிலிருந்து கண்ணை எடுத்தான். கல்யாணமானதிலிருந்து அவளை அவன் அப்படி முழுசாகத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கப் போனவன் அவன், பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டிய வீடு அவன் வீடு. பார்க்கப்பட்டவளுக்கும் ஒரு கண் இருந்திருக்கும் என்பது அவன் புத்தியில் ஒரு நாளும் பட்டதில்லை.

"அப்ப யாரைச் சொல்லியிருப்ப?"

சுகந்தி உள்ளே நடந்தாள். அவன் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தான். கூடத்துக்குப் போனாள், கூடத்துக்கு வந்தான். சாம்பல் லேப்டாப்பை மூடி உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாள், அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உங்க ஊர்க்காரனா என்றான், நம்ம கல்யாணத்துக்கு வந்திருந்தானா என்றான், நான் பார்த்திருக்கேனா, இப்ப எங்க இருக்கான், ஏன் சுகந்தி, அவன்கிட்ட அப்படி என்ன இருந்துச்சு என்றான். அடுக்களை வாசற்படியை அவன் தாண்டி அவள் பார்த்ததேயில்லை. அன்று தாண்டி வந்து, அம்மிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் முகம் வேர்த்திருந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், சித்திரை முழுக்க அதைத்தான் அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அவன் அவள் கையிலிருந்து பாதியை வாங்கி உரித்துக்கொண்டே, சத்தத்தைக் குறைத்து, "பேரையாவது சொல்லு," என்றான்.

அப்படி ஒருவனும் கிடையாது என்பதை அவள் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.